இடது பக்கம் விழுந்த கோல்கள்

ஜனவரி 5, ஞாயிறு

மணலி 3, ரேஞ்சர்ஸ் 1.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதி இறக்காவிட்டால் இந்த எரிச்சல் நாளைக்கு அச்சகத்தில் யார் தலையிலாவது விடியும்.

ஓட்டேரி ரேஞ்சர்ஸ் ஃபுட்பால் ஆட்டத்தை முப்பத்து நான்கு வருடமாகப் பார்க்கிறேன். மட்டமான கோச்சுகளை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் இந்த வரதனைப் போல ஒரு பிடிவாதக்காரரைப் பார்த்ததில்லை. பின்னால் தடுக்க மூன்றே பேக்குகளை நிறுத்தித்தான் ஆடுவாராம். ஐரோப்பாவில் அப்படித்தான் ஆடுகிறார்களாம். ஐரோப்பாவில் ஆடுகிறவன் காலையில் காசிமேட்டில் மீன் பெட்டி இறக்கிவிட்டா மைதானத்துக்கு வருகிறான்? நம் மூன்று பேரில் ஒருவன் அப்படித்தான் வருகிறான். இன்னொருவனுக்கு முப்பத்தாறு வயது. மூன்றாமவன் நன்றாக ஆடுவான், பக்கத்தில் நாலாவது ஆள் இருந்தால்.

நடுவில் ஸ்டான்லி இருந்தவரை எப்படியோ ஓடியது. அவனுக்குத் தொடைத் தசை கிழிந்து ஒரு மாதம் ஆகிறது. "அடுத்த வாரம் ஆடுவான்" என்று நான்கு வாரமாக வரதன் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோல்கீப்பரைப் பற்றியும் எழுத வேண்டும். கோல்கீப்பர் பிலேந்திரன் என் மருமகன். என் ஒரே மகள் இவாவின் கணவர். அவர்கள் மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே. வீட்டில் அவர் 'மாப்பிள்ளை', 'வாங்க', 'சாப்பிட்டீங்களா'. ஸ்டேடியம் கேட்டைத் தாண்டிவிட்டால் 'அவன்'தான். இதைக் கல்யாணத்தின்போதே பேசி முடித்துக்கொண்டோம். "அத்த, மேட்ச்ல எவ்ளோ வேணா திட்டுங்க. வூட்ல சோத்தப் போட்டுட்டுத் திட்டாதீங்க" என்றார். நியாயமாகப் பட்டது.

இன்றைய மூன்று கோலில் இரண்டு அவன் பிடித்திருக்க வேண்டியவை. ஒன்று பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து தரையோடு உருண்டு வந்த பந்து. பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, ஏதோ மரியாதைக்கு விழுவதுபோல் விழுந்தான்.

டிசம்பர் 22ஆம் தேதி கொரட்டூர் ஆட்டத்தில் எதிரணி ஃபார்வேர்டின் முழங்கால் அவன் முகத்தில் இடித்தது. இடது கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தார்கள், ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் பயப்படுகிறான் என்கிறார் ஹமீது பாய். புளியந்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இருபது வருடமாக கேலரியில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். "சூடு பட்ட பூனைம்மா ரூபா. பால கண்டாலும் ஒதுங்குது."

இன்னும் நான்கு ஆட்டம். கடைசி இரண்டு இடத்துக்குள் முடித்தால் சீனியர் டிவிஷனை விட்டு இறங்க வேண்டும். இப்போது கடைசியிலிருந்து மூன்றாவதாக இருக்கிறோம்.

ஜனவரி 6, திங்கள்

அச்சகத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு கைடு. எண்பது பக்கம் பிழை திருத்தினேன். ஆசிரியர் குழுவில் நான்கு பேர் பெயர் போட்டிருக்கிறது. ஒருவருக்கும் 'முக்கோணம்' எழுதத் தெரியவில்லை. சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே அந்த இரண்டாவது கோலை யோசித்தேன். கீரையில் பாதியைக் குப்பையோடு தள்ளிவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

ஸ்டான்லி பயிற்சிக்குத் திரும்பினானாம். முதல் நாளே அதே தொடை, அதே இடம். இன்னும் இரண்டு வாரம். ஆற விடாமல் ஓட விட்டால் வேறு என்ன ஆகும்? அடிபட்டவனை உட்கார வைக்க ஒரு கோச்சுக்குத் துணிவு வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல செய்தி. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். அவர் பெயர் பட்டியலில் வந்திருக்கிறது. பிப்ரவரி 10ஆம் தேதி தேர்வு. ஆட்டத்தையும் பார்ப்பார்கள், உடம்பையும் பார்ப்பார்கள். ஆறு வருடமாக அம்பத்தூரில் ஒப்பந்த வேலை, ஷிப்ட் முடிந்து பயிற்சிக்கு ஓட வேண்டும். இது கிடைத்தால் அந்தப் பாடு தீரும். இவா தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். தேர்வே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் கேசரி.

ஜனவரி 12, ஞாயிறு

பெரவள்ளூர் 2, ரேஞ்சர்ஸ் 2. கையில் இருந்த ஆட்டம்.

இரண்டு முறை முன்னிலைக்கு வந்தோம், இரண்டு முறையும் விட்டோம். முதல் கோல் விழுந்தபோது மேற்கு வெயில் அவன் முகத்தில் அடித்தது, போகட்டும். இரண்டாவது கோல் விழுந்தபோது பக்கம் மாறி, வெயில் முதுகுக்குப் போயிருந்தது. அப்போதும் அதே மாதிரி. அவனுடைய இடது கைப் பக்கம், தாழ்வாக, தாமதமாக.

"வெயிலுதான்" என்றேன்.

"முதுகுல எங்கம்மா கண்ணு?" என்றார் ஹமீது பாய்.

வீட்டில் சிக்கன் குழம்பு வைத்தேன், ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாக்கு வாக்குதான். ஆனால் கரண்டியைச் சற்று ஓங்கி வைத்திருப்பேன் போலிருக்கிறது. "பாத்திரம் ஒடஞ்சிடப் போவுதும்மா" என்றாள் இவா.

ஜனவரி 14, பொங்கல்

இரண்டு நாள் விடுமுறை. மாப்பிள்ளை கரும்பு வெட்டிக் கொடுத்தார். பால் ஊற்றச் சொன்னேன், டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினார். பிறகு நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டார். இவா சிரித்தாள். "ஒரு வாரமா இப்டிதாம்மா, தூக்கத்துல நடக்கற மாதிரி. வண்டியக்கூட என்னத்தான் ஓட்டச் சொல்றாரு. சொகுசு."

தேர்வுக் கவலை என்று நினைக்கிறேன்.

வரதன் வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து அனுப்பினார். நாலு பேக் வைத்து ஆடினால் எனக்கும் பொங்கல்தான் என்று பதில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

கொளத்தூர் 1, ரேஞ்சர்ஸ் 0. கடைசியிலிருந்து இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டோம்.

கார்னர். பந்து அவன் இடது பக்கத்திலிருந்து மிதந்து வந்தது. எனக்கே தெரிந்தது, நாற்பதாவது படியில் உட்கார்ந்திருக்கிற எனக்கே. அவன் ஒரு எட்டு வைத்து, நின்று, தலையை முழுக்கத் திருப்பித் தேடினான். அதற்குள் கொளத்தூர்க்காரன் முட்டித் தள்ளிவிட்டான்.

கேலரியில் எல்லோரும் கத்தினார்கள். நானும் எழுந்து நின்று கத்தினேன். "டேய் கீப்பரு! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

என் குரல் தனி. முப்பத்து நான்கு வருடமாக அந்த ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் தெரிந்த குரல். அவன் நிமிர்ந்து பார்த்தான். கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டான்.

இவா இன்று ஆட்டத்துக்கு வந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மாடியிலிருந்து இன்னும் கீழே வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

இவா பேசவில்லை. மாப்பிள்ளை வழக்கம்போல வந்து சாப்பிட்டார். "அத்த, ரசம் நல்லாகீது" என்றார்.

ஜனவரி 22, புதன்

வரதனுக்கு ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்று இன்று உட்கார்ந்தேன். இந்த நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கோலையும் குறித்து வைக்கிறேன்: எத்தனையாவது நிமிடம், யார் அடித்தது, எங்கிருந்து, வலையில் எந்தப் பக்கம். பிழை திருத்துகிறவளுக்கு இது பழக்கம். எந்த வரியில், எந்த எழுத்தில் என்று குறிக்காத பிழை, பிழையே இல்லை.

மூன்று பேக் ஆட்டத்தில் ஓரங்கள் திறந்து கிடப்பதால்தான் கோல் விழுகிறது என்று நிரூபிக்க நினைத்தேன். அப்படியானால் இரண்டு ஓரத்திலும் விழ வேண்டும்.

கொரட்டூர் ஆட்டம் முடியும்வரை இந்த சீசனில் நாங்கள் வாங்கியது ஏழு கோல். கீப்பருக்கு வலது பக்கம் நான்கு, இடது பக்கம் மூன்று. அதற்குப் பிறகு, டிசம்பர் 29 ஆட்டத்தில் விழுந்த இரண்டையும் சேர்த்து, எட்டு. வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

சாயங்காலம் மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வந்தார். மாடிப்படி வளைவில், அவர் ஏறும்போது இடது பக்கம் வருகிற இடத்தில், நான் துவைத்த துணியோடு சுவரோரம் நின்றேன். ஒரு முழ தூரம். நின்றேனே தவிர வாய் திறக்கவில்லை. அவர் என்னைக் கடந்து ஏறிப் போனார். கதவைத் திறந்து, "அத்த கீழ இல்லியா? வெளக்கு எரியுது" என்று இவாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

துணியைத் திரும்பக் கொண்டுவந்து மடித்தேன். மடித்ததையே கலைத்து மறுபடி மடித்தேன்.

ஜனவரி 23, வியாழன்

யோசித்துப் பார்த்தால் படிக்கட்டில் வெளிச்சம் குறைவு. அங்கே பல்ப் மாற்ற வேண்டும் என்று தீபாவளியிலிருந்து சொல்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை எண்ணூரோடு. தோற்றால் கதை முடிந்தது. ஜெயித்தால் கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும்.

நமக்கு இருக்கிற இன்னொரு கீப்பர் டில்லிபாபு. நாற்பத்தோரு வயது. ரயில்வே கேன்டீனில் பரிமாறுகிறார். இரண்டு முழங்காலிலும் பட்டை. இரண்டு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தருகிறார். நல்ல மனுஷன். எண்ணூர்க்காரர்கள் அவரைக் கண்டால் குழந்தைகளையே இறக்கி விடுவார்கள்.

நான் என்ன டாக்டரா? ஒருவேளை கண்ணாடி போட்டால் சரியாகிவிடுகிற விஷயமாக இருக்கலாம். மாப்பிள்ளைக்கே தெரியாமலா இருக்கும்? தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். பத்தாம் தேதி தேர்வு வேறு. இப்போது போய்க் கிளப்பிவிட்டால் மனம் தளர்ந்துவிடும். திங்கட்கிழமை பக்குவமாகக் கேட்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

ரேஞ்சர்ஸ் 1, எண்ணூர் 0!

என்ன ஆட்டம்! பதினாறாவது நிமிடத்தில் கார்னரிலிருந்து மீன்பெட்டிக்காரன் முட்டினான், கோல். அதற்குப் பிறகு எழுபது நிமிடம் எண்ணூர்க்காரர்கள் நம் பெட்டியிலேயே குடியிருந்தார்கள். வரதன் கடைசிவரை நாலாவது பேக்கை இறக்கவில்லை. நான் ஹமீது பாயின் துண்டைக் கடித்துக் கிழித்துவிட்டேன்.

எண்பத்து மூன்றாவது நிமிடம் பெனால்டி. பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஹமீது பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தொற, தொற, ரூபாம்மா! புட்ச்சிட்டான்!" வலது பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து, தட்டிக்கூட விடவில்லை, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். இரண்டு மாதத்தில் முதல் வெற்றி. ஒழுங்காக ஒரு டிரா எடுத்தால் தப்பிவிடுவோம்.

இடது பக்கம் ஒரே ஒரு பந்துதான் வந்தது. அது போஸ்டில் பட்டுத் திரும்பிவிட்டது. அவன் அசையவே இல்லை.

நாளைக்குக் கேட்கலாம்.

ஜனவரி 27, திங்கள்

அச்சகத்தில் கைடு கடைசி பாரம், பதினாறு பக்கம். வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. அவர்கள் சாப்பிட்டு மேலே போய்விட்டார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று கேட்டேன். காலை ஏழு மணிக்கு, இவா குளிக்கப் போயிருந்தபோது, காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "மாப்ள, எடது கண்ணு தெரியுதா?" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மொதல்ல பூச்சி பறக்கற மாதிரி இருந்துச்சு அத்த. அப்றம் ஓரத்துல மின்னலு. அப்றம் சைடுல கறுப்பா ஒரு தெர மாதிரி வந்துச்சு. மெதுவா நகுந்துகினே வந்துச்சு."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். பத்தாம் தேதி முடியட்டும், அப்றம் காட்டிக்கலாம்னு இருந்தேன். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவங்க எட்தே பாக்க மாட்டாங்க."

"இப்ப?"

அவர் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் நடுவுல நல்லா தெரிஞ்சுது. நேத்து காலைலேந்து உங்க மூஞ்சி இல்ல அத்த. ஆவி புட்ச்ச கண்ணாடி மாதிரி கீது."

ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று பேரும். வழியெல்லாம் இவா அவர் கையை விடவில்லை; திட்டிக்கொண்டே வந்தாள். மருந்து ஊற்றி, கண் பாப்பாவை விரிய வைத்து, நான்கு அறை மாற்றிப் பார்த்தார்கள். டாக்டர் இளம் பெண். ஒளித்து வைக்காமல் சொன்னார். அடிபட்ட இடத்தில் விழித்திரை கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாக நீர் இறங்கி, சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோல் உரிந்துகொண்டே வந்திருக்கிறது. இப்போது நடுப்பகுதியும் கழன்றுவிட்டது. நாளையே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும்.

"நடுவுல எப்பலேந்து மங்கலா இருக்கு?" என்று கேட்டார்.

"நேத்து."

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "போன வாரம் வந்திருந்தா நடு ஒட்டிட்டே இருந்திருக்கும். பார்வைய முக்காவாசிக்கு மேல காப்பாத்தியிருக்கலாம். இப்ப ஒட்ட வைக்கலாம், ஆனா எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாது."

போன வாரம் என்றால் புதன், வியாழன், வெள்ளி, சனி.

"இனிமே பந்து முகத்துல படவே கூடாது" என்றும் சொன்னார். இவா தலையாட்டினாள். அவர் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 29, புதன்

அறுவை சிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அது மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காகப் பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும். உட்கார்ந்தாலும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். சாப்பிட, சொட்டு மருந்து போட, கழிப்பறைக்குப் போக மட்டும் எழலாம்.

வெளியே வராந்தாவில் நின்றபோது வரதன் போன் செய்தார். எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார். அப்புறம், "ஞாயித்துக்கெழம டில்லிய நிறுத்தறதத் தவிர வழியில்ல, இல்லியாம்மா?" என்றார்.

"மனுசனுக்குக் கண்ணு போயிருக்கு, இப்ப டீமப் பத்திப் பேசறீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?" என்று கத்தினேன். நர்ஸ் வந்து சத்தம் போடக் கூடாது என்றாள்.

அவரைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஜனவரி 31, வெள்ளி

வீட்டுக்கு அழைத்து வந்தோம். படி ஏற வேண்டாம் என்று கீழே என் அறையில் போட்டிருக்கிறோம். கட்டிலின் தலைமாட்டு விளிம்புக்கு வெளியே நீட்டிய இரண்டு தலையணைக்கு நடுவே இடம் விட்டு, அதில் முகம் வைத்துப் படுக்கிறார். அவர் பார்க்க முடிவது தரையை மட்டும். என் வீட்டுத் தரையில் இத்தனை விரிசல் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். இவா வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டாள்.

பொதுத்துறை நிறுவனத்துக்கு அவரே சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். தேர்வுக்கு வர இயலவில்லை. பிழை எதுவும் இல்லை. ஒரே தாளில் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

சொல்லிவிட்டேன்.

இவா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் பிடரி மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியாததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். உங்க கண்ணு விசயம் எனக்குப் போன வாரம் புதன்கெழமையே தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கோலெல்லாம் ஒரே பக்கமா விழுந்துருக்கறத நோட்டுல பாத்தேன். அன்னிக்கி மாடிப்படில உங்க பக்கத்துலயே நின்னேன். நீங்க என்னப் பாக்காமயே போனீங்க."

தலையணை விளிம்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "அப்ப எண்ணூர் மேட்சுக்கு முன்னாடி" என்றார்.

"ஆமா."

"தெரிஞ்சிகினே கேலரில உக்காந்து பாத்தீங்க."

"ஆமா."

"நான் மறச்சேன். அது என் கண்ணு, என் வேலைக்காக மறச்சேன்." தலையணைக்குள்ளிருந்து வந்ததால் அவர் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. "நீங்க எதுக்கு மறச்சீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. மூன்றெழுத்துக்கூட இல்லை.

வாசலில் இவா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. கை நிறைய துணி. "கேக்கறாரில்ல? பதில் சொல்லும்மா" என்றாள்.

"டீமு" என்றேன்.

இவா துணியைக் கட்டிலில் போட்டாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "வெளிய போ" என்றாள். என் அறையிலிருந்து நான் வெளியே வந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடைசி ஆட்டம், பேசின் பாய்ஸோடு. டிரா போதும்.

நான் போகவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை, அந்தக் கேலரியில் போய் உட்கார உடம்பு ஒப்பவில்லை. காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இவா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் நேற்றிலிருந்து என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. 'தண்ணி' என்றார் ஒரு முறை. யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியாது, தரையைப் பார்த்துத்தானே கேட்க முடியும்.

மூன்று மணிக்கு இவா தலைவலி என்று மாடிக்குப் போய்ப் படுத்தாள். "சொட்டு நாலு மணிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஹமீது பாய்க்கு போன் போடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தேன். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நாலு பேக்கும்மா!" என்றார் ஹமீது பாய் எடுத்த எடுப்பில். "வரதன் நாலு பேக்கு போட்டுகிறாரு!"

ஒரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியதை, கீப்பர் இல்லை என்றதும் செய்திருக்கிறார். எனக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது. தலையணைக்குள்ளிருந்தும் ஒரு மூச்சு வந்தது, சிரிப்போ என்னவோ.

பாதி ஆட்டம்வரை கோல் இல்லை. டில்லிபாபு இரண்டு பந்தைப் பிடித்தார், ஒன்றைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். ஐம்பத்திரண்டாவது நிமிடம் பேசின் பாய்ஸ் கோல் போட்டார்கள். எழுபதாவது நிமிடம் வரதன் ஸ்டான்லியை இறக்கினார். நொண்டிக்கொண்டே வந்தானாம். அவனே தலையால் முட்டிச் சமன் செய்தான். ஹமீது பாய் கத்தியதில் போன் தரையில் அதிர்ந்தது. நான் மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டேன். பிறகுதான் கையை இழுத்துக்கொண்டேன்.

எண்பத்தெட்டாவது நிமிடம். பெட்டிக்கு வெளியே பேசின் பாய்ஸுக்கு ஃப்ரீ கிக். பந்தை மறிக்க நம் ஆட்கள் சுவராக நிற்கிறார்களாம்.

"செவுத்துல எத்தினி பேரு பாய்?" என்றார் மாப்பிள்ளை.

"மூணு."

"அஞ்சு வைக்கச் சொல்லுங்க! டில்லிண்ணே, அஞ்சு வைண்ணே! ரெண்டு எட்டு வலது பக்கம் போய் நில்லுண்ணே!" தலையணைக்குள் முகம் புதைத்தபடி கத்தினார். இரண்டு கையையும் அகல விரித்துவிட்டார். கட்டிலின் இரு பக்கமும் கைகள் நீண்டு நின்றன.

போனில் முதலில் சத்தம் வந்தது, அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஹமீது பாய் எதுவும் சொல்லாமல் இருந்தாலே எங்களுக்கு விளங்கிவிடும். விசில் கேட்டது. பிறகு, "முட்ஞ்சிதும்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

பேசின் பாய்ஸ் 2, ரேஞ்சர்ஸ் 1. இறங்கிவிட்டோம். தோற்றது எனக்கு வலித்தது. இத்தனைக்குப் பிறகும் வலித்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் இப்படித்தான் இருக்கிறேன்.

அவர் விரித்த கைகளை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இவா இறங்கி வந்தாள். எங்கள் இரண்டு பேரையும், தரையில் கிடந்த போனையும் பார்த்தாள். ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "சொட்டு போட்டியா?" என்றாள்.

மணி ஐந்து இருபது.

"நாலு மணிக்குப் போட வேண்டியது!" என்று கத்தினாள். "உங்க ரெண்டு பேரையும் வச்சிகினு..." மீதியைச் சொல்லாமல் போய்ச் சொட்டு மருந்தை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். தானே போட்டிருக்கலாம். என் கையில்தான் கொடுத்தாள்.

அவரை எழுப்பி உட்கார வைத்தேன். தலையணை பதிந்த கோடுகளோடு முகம் சிவந்திருந்தது. கட்டை அவிழ்த்து, முகத்தை நிமிர்த்தி, இமையை விரலால் தூக்கிப் பிடித்தேன். என் மனம் இன்னும் அந்த ஃப்ரீ கிக்கில்தான் இருந்தது. மூன்று பேரை நிறுத்திவிட்டு எந்தக் கீப்பராவது...

"அத்த!" என்று அலறினார் மாப்பிள்ளை. "அது நல்ல கண்ணு, அத்த! அந்தாண்ட! எடது!"

கையை நகர்த்தி இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். சரியாக விழுந்தது.